தார்ன்பெக் பதிவேட்டின் முதல் தாள்

கடம்பத்தூர்,
3.8.2025

அன்புத் தங்கை ஷைனிக்கு,

அண்ணன் பாக்கியநாதன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அண்ணி மேரியும் நலம். மாப்பிள்ளை ஸ்டீபன் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். பதினாறு மாதமாக நீ என் ஃபோனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பிலும் என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். ஆகவே தபால்காரரை நம்பியிருக்கிறேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது ரயில்வே வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது. அதே நடை இதிலும் வந்தால் கண்டுகொள்ளாதே.

உனக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொள். சரக்கு ரயிலில் கார்டு வேலை பார்ப்பவனுக்கு எதையும் முதலிலிருந்து எழுதித்தான் பழக்கம். 2019இல் நீ வேலை செய்யும் பேப்பர் மில்லுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த கழிவுத்தாள் கன்டெய்னரில், மூடிப்போன ஒரு நூலகத்தின் புத்தகங்கள் இருந்தன. அவற்றில் பத்தொன்பதை நீ எனக்குக் கொடுத்தாய். எல்லாமே கார்பெக்–வெல்டேல் ரயில்வே என்கிற ஒரே பாதையைப் பற்றியவை. வட இங்கிலாந்தின் ஒரு மூலையில் இருபத்தெட்டு மைல். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு உள்ள தூரம்தான். தண்டவாளத்தைப் பிடுங்கி அறுபது வருடம் ஆகிறது. அந்தப் பாதையைப் பற்றி எங்கே என்ன புத்தகம் இருக்கிறது, எந்த ஆவணம் மிஞ்சியிருக்கிறது என்று நான் ஒரு பட்டியல் போட்டேன். மொத்தம் அறுபத்தோரு உருப்படி. அங்குள்ள ரயில் வரலாற்றுச் சங்கம் அதைத் தன் பத்திரிகையில் வெளியிட்டது. அந்தப் பத்திரிகை வந்த வாரம்தான் நமக்குள் அது நடந்தது. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

சங்கம் பட்டியலைத் தனிப் புத்தகமாகப் போட இருந்தது. இப்போது செயலாளர் ஒரு சிக்கலைக் கிளப்பியிருக்கிறார். 47ஆம் உருப்படி, தார்ன்பெக் கேபின் பதிவேடு, 1908. சிக்னல் கேபினில் எந்த ரயில் எத்தனை மணிக்குப் போனது, யாருக்கு மணி அடித்தார்கள் என்று கையால் எழுதி வைக்கிற பெரிய நோட்டு. “அந்த ஆண்டுப் பதிவேடு எதுவும் மிஞ்சவில்லை என்பதே எங்கள் அறிவு. தாங்கள் அனுப்பிய படங்களில் அட்டை இல்லை. கேபினின் பெயர் எழுதும் முதல் தாள் இல்லை. நூலக முத்திரை இல்லை. இது எந்தக் கேபினுடையதாகவும் இருக்கலாம், பிற்காலத்தில் எழுதப்பட்டதாகவும் இருக்கலாம்” என்கிறார். மிகுந்த மரியாதையோடு என்னைப் பொய்யன் என்று சொல்லியிருக்கிறார். செப்டம்பர் 30க்குள் ஆதாரம் காட்டாவிட்டால் 47ஐ மட்டுமல்ல, மொத்தப் பட்டியலையும் கைவிடுவார்களாம்.

ஆதாரம் அட்டையில் இருக்கிறது. அட்டையைக் கிழித்தது நீ. அது எங்கே போனது என்று நினைவிருக்கிறதா? பதில் போடவும்.

இப்படிக்கு,
பாக்கியநாதன்


கும்மிடிப்பூண்டி,
9.8.2025

பாக்கியநாதன் அண்ணன் அவர்களுக்கு,

உங்களோடு பேச மாட்டேன் என்று போன வருடம் ஈஸ்டர் அன்று உங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். இதில் உங்களை ‘நீங்கள்’ என்றுதான் எழுதுவேன். பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று கூப்பிட்டவள் மரியாதை கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

‘அட்டையைக் கிழித்தது நீ.’ நன்றாக இருக்கிறது. நாலு பேர் முன்னால் என்னைக் கேட்ட மாதிரியே இருக்கிறது. ஏன் கிழித்தேன் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? முழுப் புத்தகம் மில்லைவிட்டு வெளியே போகக் கூடாது. கழிவுத்தாள் என்று சொல்லி இறக்குமதி செய்ததை முழுப் புத்தகமாக வெளியே விட்டால் மில்லுக்கு வில்லங்கம். அட்டையைப் பிய்த்தால்தான் அது கழிவுத்தாள். பிய்த்த பிறகுதான் சூப்பர்வைசர் கேட் பாஸில் கையெழுத்துப் போடுவார், அதுவும் வாரத்துக்கு ஒன்று. ஒரு புத்தகம் கூழ்த்தொட்டிக்குப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் அதை நான் கிழித்தாக வேண்டும். அந்த ரயில் புத்தகங்கள் வந்த பேல் பொதியை மூலையில் தள்ளி வைத்துக்கொண்டு பத்தொன்பது வாரம், வாரம் ஒன்றாக உங்களுக்குக் கொண்டுவந்தேன்.

பதிலுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? போதகர், உங்கள் மாமனார் வீட்டார் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில் பத்திரிகையைச் சுற்றுக்கு விட்டீர்கள். உங்கள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. கீழே பொடி எழுத்தில், ‘சில நூல்கள் இந்தியக் கழிவுத்தாள் கிடங்கு ஒன்றிலிருந்து பெறப்பட்டவை.’ நான் பிளஸ் டூ வரை படித்தவள், அவ்வளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். கிடங்கு எழுந்து வந்து புத்தகம் கொடுத்ததா என்று கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: “பேப்பர் பொறுக்குறவ பேரப் போட்டா அவங்க இன்னா நெனைப்பாங்க?”

மற்றவர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அண்ணி மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அட்டை எங்கே என்று தெரியாது. தேடும் எண்ணமும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த நோட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? ஆறு வருடத்தில் ஒரு நாளும் நீங்கள் எனக்குச் சொன்னதில்லை.

ஷைனி ஸ்டீபன்


கடம்பத்தூர்,
14.8.2025

அன்புள்ள ஷைனி,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். உன் பெயர் விடுபட்டது அச்சில் ஏற்பட்ட தவறு. நான் அனுப்பிய பிரதியில் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். போகட்டும்.

நோட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டாய். நீ கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சொல்கிறேன்.

தார்ன்பெக் என்ற இடத்தில் ஒரு லெவல் கிராசிங் இருந்தது. கேட் கீப்பர் எலன் கார்த் என்ற பெண்மணி. கணவர் அதே கம்பெனியில் வேலை செய்து இறந்தவர். அந்த வேலைதான் இவருக்குக் கிடைத்தது. 1908 நவம்பரில் ஒரு காலை, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மூடுபனி. கேட் திறந்திருந்தது. பால் வண்டிக்காரர் ஒருவர் கடந்தார். பயணிகள் ரயில் வந்து அடித்தது. அவர் அங்கேயே இறந்தார். எலன் வேலையை இழந்தார், வீட்டையும் இழந்தார், ஏனென்றால் கேட் பக்கத்து வீடு கம்பெனி வீடு.

அந்தப் பாதையைப் பற்றி ஐந்து வரலாற்றுப் புத்தகங்கள் இருக்கின்றன. ஐந்திலும் ஒரே வாக்கியம்: ‘கேட் கீப்பரின் கவனக்குறைவால்.’ நான் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1926இல் வந்த முதல் புத்தகம் அப்படி எழுதியது. எங்கிருந்து எடுத்தது என்று சொல்லவில்லை. மற்ற நாலும் அதைப் பார்த்து எழுதியவை. நாலாவது புத்தகம் பால்காரரின் பெயரைத் தப்பாகப் போட்டது, ஐந்தாவதும் அதே தப்பைப் போட்டிருக்கிறது. நூறு வருடத்தில் ஒருவர்கூட கேபின் பதிவேட்டைத் திறந்து பார்க்கவில்லை.

நீ கொடுத்த நோட்டு அதுதான். ரயில் கிளம்பினால் கேபின்காரர் கேட்டுக்கு மணி அடிக்க வேண்டும். அடித்த நேரத்தை எழுதுவதற்கென்று தனிக் கட்டம் உண்டு. எத்தனை கேட்டுகளைத் தாண்டி வண்டியில் போகிறவன் நான், அந்தக் கட்டத்தின் அருமை எனக்குத் தெரியும். அந்தக் காலையில் ஏழு பதினான்கு ரயிலுக்கு நேரே அந்தக் கட்டம் காலி. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: ‘கேட் மணிக் கம்பி நேற்று முதல் அறுந்துள்ளது. தெரிவித்தாயிற்று.’

ரயில் வருகிறது என்று அந்தப் பெண்மணிக்கு யாரும் சொல்லவில்லை, ஷைனி. கம்பெனிக்கு முந்தைய நாளே தெரியும். பழியை அவர் தலையில் கட்டிவிட்டு மூடிவிட்டார்கள்.

இதை என் பட்டியலில் 47க்குக் கீழே எழுதினேன். அதனால்தான் செயலாளருக்குக் கோபம். ஐந்தாவது புத்தகத்தை எழுதியவர் அவர்தான்.

பாக்கியநாதன்


கும்மிடிப்பூண்டி,
20.8.2025

அண்ணன் அவர்களுக்கு,

அச்சில் ஏற்பட்ட தவறு என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன வயதில் சர்ச் உண்டியலுக்குக் கொடுத்த காசில் ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு, காசு ஓட்டை வழியாக விழுந்துவிட்டது என்றீர்களே, அதே முகம் எனக்கு இந்த வரியில் தெரிகிறது. சட்டையில் அன்றைக்குப் பையே இல்லை. இனிமேல் அச்சைக் குறை சொன்னால் நான் பதில் போட மாட்டேன்.

ஆனால் அந்த எலன் கார்த் விஷயத்தைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. தாள் பிரிக்கிற பெல்ட்டில் நின்றுகொண்டே யோசித்தேன். யாரோ மணி அடிக்காமல் விட்டதற்கு அந்தம்மா ஊர் முழுக்கக் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறார். அவருக்காகத் தேடுகிறேன். உங்களுக்காக இல்லை, நினைப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கிழிக்கும் விதத்தைச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். இதை நீங்கள் கேட்டதே இல்லை. புத்தகத்தை இடது கையால் அமுக்கிப் பிடித்து, மேலிருந்து அட்டையை, முன்னும் பின்னும் சேர்த்து, ஒரே இழுப்பு இழுப்பேன். அப்படி இழுத்தால் முதல் தாள் அட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எல்லாப் புத்தகத்திலும் இல்லை, பழைய தையல் போட்ட கெட்டி நோட்டுகளில் நிச்சயமாக வரும். என் பக்கத்தில் நிற்கும் பிரேமா கிழித்தால் வராது, அவள் கீழிருந்து இழுப்பாள். ஆகவே உங்கள் செயலாளர் கேட்கிற முதல் தாள் தொலையவில்லை. அட்டை இருக்கிற இடத்தில் அதுவும் இருக்கிறது.

அட்டை எங்கே போகும் என்பதும் எனக்குத் தெரியும். நல்ல கெட்டி அட்டையை நாங்கள் குப்பையில் போடுவதில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை அட்டை ஆகும். கிளிப் மாட்டினால் போதும். அந்த நோட்டின் அட்டை நீலத் துணி போட்டது, சாதாரண அட்டையைவிட ஒரு சாண் பெரியது. பெல்ட்டில் நான்கு பேர் கேட்டார்கள். கங்கம்மாளின் மகள் ஹேமாவதிக்கு அந்த வருடம் பொதுப் பரீட்சை என்பதால் அவளுக்குத்தான் கொடுத்தோம். கங்கம்மாள் வேலையை விட்டு நின்று மூன்று வருடம் ஆகிறது. பழவேற்காட்டுப் பக்கம் குப்பத்தில் இருக்கிறாள். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள்.

அட்டையும் போயிருக்கலாம். போய்ப் பார்த்தால்தான் தெரியும். போவதற்கு முன் உங்களிடமிருந்து ஒரு கடிதம் வர வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுத்து வாங்கினால் அதற்கு மதிப்பில்லை.

ஷைனி


கடம்பத்தூர்,
25.8.2025

ஷைனி,

அச்சுத் தவறு இல்லை. நான்தான் உன் பெயரைப் போடவில்லை.

போட்டேன், பிறகு அடித்துவிட்டேன். அந்தச் சங்கத்தில் எல்லோரும் பேராசிரியர், பொறியாளர். நான் வெறும் சரக்கு ரயில் கார்டு. மின்னஞ்சலில் அவர்கள் என்னை ‘ஐயா’ என்று எழுதும்போது மனசு நிறையும். தங்கை பேப்பர் மில்லில் பெல்ட்டில் நிற்கிறாள் என்று தெரிந்தால் அந்த ‘ஐயா’ போய்விடுமோ என்று பயந்தேன். நம் அப்பா அம்மா நாற்று நட்டு நம்மைப் படிக்க வைத்தவர்கள். நீ உன் உழைப்பில் வீடு கட்டியவள். அப்படியிருந்தும் எனக்கு அந்த வெட்கம் வந்தது. இதை மேரியிடம் சொன்னேன். “இத்த எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம், அவகிட்ட எழுது” என்றாள்.

மேசையில் நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னதற்குத் தனியாகவும் கேட்கிறேன்.

அட்டை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இது மாறாது.

பாக்கியம்


கும்மிடிப்பூண்டி,
8.9.2025

அண்ணா,

கிடைத்துவிட்டது. முதலில் இதை எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுவாய்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானும் இவரும் பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பஸ் பிடித்தோம். கங்கம்மாள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நண்டுக் குழம்பு வைத்துவிட்டுத்தான் பேச்சையே எடுத்தாள். அட்டையா, அது மகள் பரீட்சை முடிந்த கையோடு கங்கம்மாள் புருஷன் பூவராகவன் கைக்குப் போய்விட்டதாம். ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று குப்பத்தில் குலுக்கிப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள், பாடு என்று சொல்வார்கள். அந்த முறை எழுதிய தாளை மாட்டி வைப்பதற்கு அவருக்கு அந்த அட்டைதான் வேண்டும். கரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் நீல அட்டை.

கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. “இன்னாமா நீ, பாடு லிஸ்ட் மாட்டி வெச்சிக்கினு கீறேன், அத்தப் போயி கேக்குற. இத்த எடுத்துக்கினு பூட்டா லிஸ்ட்ட எங்க மாட்றது? அஞ்சு வருசமா காத்து மழ எல்லாம் பாத்துக்கிது, ஒண்ணும் ஆவல. சீம அட்டமா இது.”

நான் எலன் கார்த் கதையைச் சொன்னேன். நீ எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன், மணிக் கம்பி வரைக்கும். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களும் கை நிறுத்திக் கேட்டார்கள். பூவராகவன், “முற சொல்லாம உட்டுட்டு பொம்பள மேல பழிய போட்டுட்டானுங்களா” என்று கேட்டுவிட்டு, கிளிப்பைக் கழற்றி லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு அட்டையை என் கையில் கொடுத்தார். நான் வாங்கிப் போயிருந்த புது பிளாஸ்டிக் அட்டையை அவர் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். திருப்தி இல்லை என்று தெரிந்தது.

நூலக முத்திரை பின்னட்டையின் உள்பக்கம் இருக்க வேண்டும். ஆனால் உள்பக்கம் இரண்டிலும் ஒன்றுமே தெரியவில்லை. பிரவுன் தாள் ஒட்டியிருந்தது. பரீட்சை அட்டையில் ஒரு எழுத்து இருந்தாலும் ஹாலில் விட மாட்டார்கள். அதனால் கங்கம்மாள் மைதாப் பசை காய்ச்சி, எழுத்து இருந்த இடத்திலெல்லாம் பிரவுன் தாளை ஒட்டியிருக்கிறாள். அவள் அப்படிச் செய்திருக்காவிட்டால் ஐந்து வருட உப்புக்காற்றில் அந்த முதல் தாள் என்ன ஆகியிருக்கும்?

உன்னைக் கேட்டால் சங்கத்தைக் கேட்கிறேன் என்பாய். சங்கத்தைக் கேட்டால் தொடாதே என்பார்கள். பதினோரு வருடம் தாளோடு புழங்குகிறவள் நான், மைதாப் பசையைப் பற்றி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். இட்லிப் பானையில் தண்ணீர் வைத்து, ஆவியை ஒரு மூலையில் மட்டும் காட்டினேன். மை கலைகிறதா என்று பார்த்தேன். கலையவில்லை. பிறகு விரலகலம் விரலகலமாக, காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை உரித்தேன். இவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சே விடவில்லை. அடியிலிருந்த தாள் முழுசாக வந்தது.

படம் வைத்திருக்கிறேன், பார். மேலே பெரிய எழுத்தில் தார்ன்பெக் கேபின். கீழே 1908 அக்டோபர் முதல் தேதி, ஒரு கையெழுத்து. பின்னட்டையில் நூலக முத்திரை, அதற்குள் 3318 என்ற எண்.

இன்னும் இருக்கிறது. தாளின் கிழிந்த ஓரத்தைப் பார். மூன்றாவது தையல் அருகில் பிறை போல ஒரு வளைவு இருக்கும். என் இழுப்பில் எப்போதும் அங்கேதான் வளையும், கட்டைவிரல் அங்கே இருக்கும். உன்னிடம் உள்ள நோட்டின் இரண்டாம் தாளில் எதிர்ப் பிறை இருக்கிறதா என்று பார். இருக்கும்.

அப்புறம் இந்த உறையில் பத்தொன்பது மஞ்சள் காகிதங்கள் இருக்கின்றன. உனக்குக் கொடுத்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய கேட் பாஸ். தேதி, கன்டெய்னர் எண், பேல் எண், வந்த நாடு, சூப்பர்வைசர் கையெழுத்து எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியாது. நீ புத்தகங்களை எண் போட்டு வைப்பதைப் பார்த்து நானும் வைத்தேன்.

இங்கிலீஷில் நீ மாற்றி எழுதி அனுப்பு. நான் கிழிக்கும் விதத்தை ஒரு வரி விடாமல் எழுது.

உன் ஷைனி


கடம்பத்தூர்,
4.10.2025

என் தங்கச்சி ஷைனிக்கு,

உட்கார்ந்து படி. மாப்பிள்ளையையும் கூப்பிட்டு வைத்துக்கொள்.

பிறை பொருந்தியது. உன் கடிதம் வந்த அன்றே நோட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். மேரி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். இரண்டு ஓரமும் ஒரு இழை பிசகாமல் உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேரி நோட்டின்மேல் தண்ணீர் விழப்போகிறது என்று திட்டினாள்.

படங்கள், கேட் பாஸ்கள், உன் வாக்குமூலம் எல்லாவற்றையும் அனுப்பினேன். பத்து நாள் பதில் இல்லை. பிறகு செயலாளர் எழுதினார். மூடிப்போன நூலகத்தின் பழைய வரவுப் பட்டியல் ஒன்று சங்கத்தில் இருக்கிறதாம். அதில் 3318க்கு நேரே ‘தார்ன்பெக் நோட்டு’ என்று இரண்டே வார்த்தை. அது என்ன நோட்டு என்று யாருக்கும் இத்தனை வருடமாகத் தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது.

ஏழு பேர் குழு 30ஆம் தேதி கூடியது. ஏழு பேரும் ஏற்றுக்கொண்டார்கள். செயலாளரும் கை தூக்கினார், ஷைனி. அவர் எழுதியது இது: ‘என் புத்தகத்தில் 112ஆம் பக்கம் தவறானது. நான் முன்னவரை நம்பினேன், ஆதாரத்தைத் தேடவில்லை. திருமதி எலன் கார்த்திடம் கேட்க வேண்டிய மன்னிப்பை என் அடுத்த பதிப்பில் அச்சிடுகிறேன்.’ வெல்டேல் ஊரில் பழைய ஸ்டேஷன் வாசலில் அந்த விபத்தைப் பற்றி ஒரு பலகை இருக்கிறதாம். அதைக் கழற்றிவிட்டுப் புதிது வைக்கப் போகிறார்கள். நூற்றுப் பதினேழு வருடம் கழித்து.

இன்னொன்று கேட்டார்கள். கிழிசலை இவ்வளவு துல்லியமாக விவரித்தவர் யார், அருங்காட்சியகத்தில் ஏடுகளைப் பாதுகாக்கும் நிபுணரா என்று. நான் பதில் எழுதினேன். அதன் தமிழை இங்கே தருகிறேன்: ‘என் தங்கை ஷைனி ஸ்டீபன். கும்மிடிப்பூண்டியில் ஒரு பேப்பர் மில்லில் கழிவுத்தாள் பிரிக்கும் தொழிலாளி. இந்தப் பட்டியலில் பத்தொன்பது நூல்கள் அவர் கிழித்ததால் பிழைத்தவை.’ எழுதிவிட்டு, ஒரு வார்த்தைகூட அடிக்காமல் அனுப்பினேன்.

புத்தகம் வருகிறது. அட்டையில் இரண்டு பெயர். உன் பெயர் முதலில். நீ வேண்டாம் என்றாலும் மாற்ற முடியாது, அச்சுக்குப் போய்விட்டது. இந்தத் தடவை அச்சின் மேல் எனக்கு முழு நம்பிக்கை.

உன் பிரதியை மில் விலாசத்துக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அது அங்கிருந்துதானே கிளம்பியது.

இனி என்னோடு பேசுவாயா?

உன் அண்ணன் பாக்கியம்


கும்மிடிப்பூண்டி,
12.2.2026

அண்ணா,

நேற்றுப் பார்சல் வந்தது. வாசலில் செக்யூரிட்டி ஆசீர்வாதம் அண்ணன் தடுத்து நிறுத்திவிட்டார். “புஸ்தகம் உள்ள வர்றதுன்னா கன்டெய்னர்ல தாமா வரும். இது இன்னா ஒத்தையா வருது?” என்று கேட்டு, பிரித்துப் பார்த்து, அட்டையில் என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு அவரே அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பெல்ட் வரைக்கும் நடந்து வந்தார்.

சூப்பர்வைசர் பெல்ட்டை நிறுத்தினார். மெஷின் கோளாறு இல்லாமல் பெல்ட் நின்று நான் பார்த்ததில்லை. எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். நான் 47ஆம் உருப்படியைத் திறந்து, எலன் கார்த் பெயரைக் காட்டினேன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதவர்களும் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தார்கள். கங்கம்மாளுக்கும் பூவராகவனுக்கும் நன்றி என்று நீ போட்டிருந்த வரியை நான் மூன்று தடவை படித்துக் காட்ட வேண்டியிருந்தது. புத்தகம் பிரேமா கைக்குப் போனது. அவள் அழகாகப் புரட்டினாள், புரட்டிக்கொண்டே இருந்தவள், இடது கையால் அமுக்கி வலது கையை அட்டைக்குக் கொண்டுபோய்விட்டாள். பழக்கதோஷம். பதினாறு பேரும் ஒரே குரலில் கத்தினோம். அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எங்களுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிளம்பி, சென்ட்ரலில் மாறி, மத்தியானம் கடம்பத்தூர் வருகிறோம். பேச மாட்டேன் என்று உன் வாசலில்தானே சொன்னேன், அதே வாசலில் வந்து முடித்துக்கொள்கிறேன். அண்ணியிடம் பிரியாணி போடச் சொல். போதகரையும் உன் மாமனார் வீட்டாரையும் கூப்பிடு. அதே மேசையில் புத்தகத்தைச் சுற்றுக்கு விட வேண்டும், இந்தத் தடவை நான் விடுகிறேன்.

சாயங்காலம் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக கேட் பாஸ் வேண்டும் அல்லவா? சூப்பர்வைசர் மஞ்சள் பாஸ் புத்தகத்தை எடுத்து, வழக்கம் போல ‘கழிவுத்தாள்’ என்று எழுதப்போனார். பேனா நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். இருபதாவது பாஸ், இதோடு வைத்திருக்கிறேன். உன் கோப்பில் மற்ற பத்தொன்பதோடு சேர்த்து வை. அதில் இப்படி இருக்கிறது:

‘பொருள்: புத்தகம், ஒன்று. அட்டையுடன். எடுத்துச் செல்பவர்: ஷைனி. எழுதியவர்: அவரே.’

உன் தங்கச்சி
ஷைனி